அடிவாங்க ஒரு வில்லன் இல்லாத படங்கள்: சமீபத்தில் பார்த்ததில் உங்க மனசில் நின்னது எது?

காவேரிக்கரை:
போன ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு 'மெய்யழகன்' போட்டுக் காட்டினேன். நான் 2024 செப்டம்பர்லயே தியேட்டர்ல பார்த்துட்டேன். அப்பாவுக்கு 71 வயசு, நியூஸ் தவிர டிவியில எதையும் முழுசா உட்கார்ந்து பார்க்க மாட்டார். படத்தோட முதல் பகுதியில, 1996-ல, அரவிந்த்சாமி குடும்பம் சொத்துத் தகராறுல தோத்துப்போய் தஞ்சாவூர் வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்புவாங்க இல்லையா, அந்த இடத்துல "கொஞ்சம் நிறுத்தும்மா"ன்னார். எழுந்து பால்கனிக்குப் போயிட்டார். பத்து நிமிஷம் கழிச்சு வந்து, "ம், போடு"ன்னு சொன்னார். அப்புறம் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

படம் முடிஞ்சதும் சாப்பிட உட்கார்ந்தப்பதான் சொன்னார். எங்க ஊர் வீட்டுத் திண்ணையில ஒரு மரத்தூண் இருந்ததாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் தாத்தா பிள்ளைகளை வரிசையா அந்தத் தூணோரம் நிக்க வச்சு, தலை உயரத்துக்கு ஆணியால ஒரு கோடு கீறுவாராம். அப்பா, பெரியப்பா, ரெண்டு அத்தைங்க, நாலு பேருக்கும் கோடு உண்டாம். பங்கு பிரிக்கும்போது வீடு கைமாறிடுச்சு. எனக்கு இப்போ 38 வயசு. இந்தத் தூண் கதையை அன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டேன்.

அப்போ எனக்குத் தோணினது இதுதான். அந்தப் படத்துல வீட்டைப் பறிச்சவங்களைத் தேடிப் போய்ப் பழிவாங்குற கதையே கிடையாது. 22 வருஷம் கழிச்சுத் தங்கச்சி கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வர்ற அரவிந்த்சாமியை, பேர்கூட ஞாபகம் வராத ஒரு சொந்தக்காரர், கார்த்தி, விடிய விடிய அன்பால திணறடிக்கிறார், அவ்வளவுதான். அதுக்கு முந்தின வாரம்தான் 'லப்பர் பந்து' வந்துது. அடுத்த வருஷம் மே மாசம் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்துது. மூணுலயும் கிளைமாக்ஸ்ல அடிவாங்க ஒருத்தன் இல்லை. எனக்கு இந்த மாதிரிப் படங்கள் ரொம்பத் தேவைப்படுது. நீங்க சமீபத்துல பார்த்ததுல எது மனசுல நின்னுச்சு? பிடிக்கலைன்னாலும் எழுதுங்க.

சேலம் செகண்ட் ஷோ:
பிடிக்கலைன்னும் எழுதலாம்னு சொன்னதால எழுதறேன், அக்கா. மெய்யழகன் எனக்கு நீளம். வெளியான சில நாள்லயே படக்குழுவே சுமார் 18 நிமிஷம் குறைச்சாங்க. அப்படின்னா அவங்களுக்கே அது தெரிஞ்சிருக்கு. கார்த்தி பேசிக்கிட்டே இருக்கார், அரவிந்த்சாமி கேட்டுக்கிட்டே இருக்கார். ஒரு மணி நேரத்துக்கு மேல எனக்கு உட்கார முடியலை.

ஆனா மண்டபத்து மேடையில தங்கச்சிக்கு அண்ணன் கொலுசு போட்டுவிடுற இடத்துல நானும் கண்ணைத் துடைச்சேன். அந்த ஒரு காட்சிக்காக படத்தை மன்னிக்கலாம். ஆனா முழுப் படத்தையும் அந்தக் காட்சி தாங்காது.

கோரையாறு:
சேலம் தம்பி, நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்துல இருக்கிறவன். அந்தப் பேச்சு ஏன் அவ்வளவு நீளம்னு எங்க ஊர்ப் பக்கம் ஒரு ராத்திரி தங்கினா புரியும்.

எங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்துட்டா சாப்பாடு போட்டு அனுப்புறதோட முடியாது. "வாங்கத்தான், ஆத்தங்கரை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம்"னு கூட்டிட்டுப் போவோம். மூணாறு தலைப்புன்னு ஒரு இடம் இருக்கு. வெண்ணாறு அங்க வந்து மூணா பிரியும்: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. ஜூன்ல மேட்டூர் திறந்து தண்ணி வர்ற நாள்ல மதகு மேல நின்னா காலுக்குக் கீழ கட்டடம் அதிர்றது தெரியும். அங்க உட்கார்ந்தா பேச்சு கரிகாலன் வெண்ணிப் போர்ல தொடங்கும். கோயில்வெண்ணி கூப்பிடு தூரம்தான். அப்புறம் போன போகம் எத்தனை மூட்டை கண்டதுன்னு வரும், யார் வீட்டுப் பொண்ணை எங்க கொடுத்திருக்குன்னு வரும், கடைசியில செத்துப்போன மாட்டைப் பத்திப் பேசி முடியும். கேக்கிறவருக்கு இதுல பாதி தெரியாது. அவர் 'ம்' கொட்டிக்கிட்டு இருக்கணும், அதுதான் மரியாதை. அரவிந்த்சாமி செய்றது அதைத்தான். ஊரை விட்டுப் போனவன் திரும்பி வந்து நம்ம பக்கத்துல உட்கார்ந்து 'ம்' கொட்டுறதே பேசுறவனுக்குப் போதும்.

இன்னொன்னும் சொல்லணும். அந்த சைக்கிள். இவங்க விட்டுட்டுப் போன ஒரு பழைய சைக்கிள்தான் இன்னொரு குடும்பத்தைத் தலையெடுக்க வச்சுதுன்னு கார்த்தி சொல்லும்போது அரவிந்த்சாமி முகத்தைப் பாருங்க. தான் எதை இழந்தோம்னு மட்டுமே இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தவர், தன்னால ஒருத்தர் என்ன பெற்றார்னு முதல் தடவை கேக்குறார். அதுக்கப்புறம் அவரால அந்த வீட்டுல தங்க முடியலை. பேர் தெரியாத வெட்கத்துல விடியுறதுக்கு முன்னாடி கிளம்பிடுறார். முன்னாடி அவ்வளவு பேச்சு இல்லைன்னா இந்த ஓட்டத்துக்குக் கனம் வந்திருக்காது.

சேலம் செகண்ட் ஷோ:
அண்ணா, நீங்க சொல்றது படத்தை விட நல்லா இருக்கு. ஆனா அந்த ஊர்ல பொறக்காதவனுக்கும் படம் புரியணும்ல?

கோரையாறு:
நியாயமான கேள்விதான், தம்பி. எனக்குப் பதில் தெரியலை. பொறந்தவன் கண்ணால மட்டும்தான் என்னால பார்க்க முடியுது.

ஒன் பிச் கேட்ச்:
நான் 'லப்பர் பந்து' பத்தி எழுதறேன். அக்கா அதை வில்லன் இல்லாத படம்னு சொல்லியிருக்கீங்க. அதுல எனக்குப் பாதி சம்மதம்.

லப்பர் பந்துல ஆடினவங்களுக்குத்தான் அந்தப் பந்தோட குணம் தெரியும். டென்னிஸ் பந்து மாதிரி கிடையாது. கையில பட்டா அரை மணி நேரம் விறுவிறுன்னு எரியும். காய்ஞ்ச தரையில நெஞ்சு வரைக்கும் எகிறும். மழை பெஞ்ச தரையில வழுக்கிக்கிட்டு கணுக்காலுக்கு வரும். அதனால எங்க பக்கம் டாஸ் போடுறதுக்கு முன்னாடி கேப்டன் செருப்பைக் கழட்டிட்டுக் காலால பிட்ச்சைத் தொட்டுப் பார்ப்பான். படத்துல மட்டை பிடிக்கிற விதம், பவுண்டரிக்குக் கயிறு கட்டுறது, மைக்ல கமெண்டரி சொல்றவன் ஓவரா புகழ்றது, எல்லாமே நான் பத்து வருஷம் வாழ்ந்தது. கெத்துன்னு பேர் வாங்கின மூத்த ஆட்டக்காரர் உள்ள வரும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' ஒலிச்சதும் எங்க ஊர் தியேட்டர்ல எழுந்து நின்னுட்டாங்க. அப்போ விஜயகாந்த் இறந்து ஒன்பது மாசம்கூட ஆகலை. அவரோட 1989 'பொன்மனச் செல்வன்' பாட்டு அது. 20 வயசுப் பையன்கள் முழுப் பாட்டையும் பாடினாங்க.

இப்போ வில்லன் விஷயத்துக்கு வர்றேன். கெத்துக்கும், அன்புங்கிற இளம் ஆட்டக்காரனுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் வீம்பு, சரி. ஆனா நல்லா ஆடுற ஒருத்தனை சாதி பார்த்து டீம்ல சேர்க்காம விடுறாங்களே, அதை என்னன்னு சொல்றது? எங்க ஊர்ல ரெண்டு டீம் இருந்தது, ஊர் டீம், காலனி டீம். எங்க காலனியில ஒரு அண்ணன் இருந்தார். ரெண்டு பக்கமும் ஸ்விங் பண்ணுவார். பெரிய டோர்னமெண்ட் வந்தா மட்டும் ஊர் டீம்ல கூப்பிடுவாங்க. ஜெயிச்சு கோப்பையோட போட்டோ எடுக்கும்போது அவர் இருக்க மாட்டார். "தண்ணி குடிக்கப் போனேன்டா"ன்னு சொல்வார். எல்லா வருஷமும் போட்டோ எடுக்கும்போது அவருக்குத் தாகம் எடுத்தது. அப்போ எனக்கு 12 வயசு, நான் நம்பினேன்.

படம் பார்த்துட்டு வெளியில வரும்போதுதான் அந்தத் தண்ணி ஞாபகம் வந்தது. இப்போ அவர் கட்டட வேலை பார்க்கிறார். போன் பண்ணி, "அண்ணே, படம் பார்த்தீங்களா"ன்னேன். "ரெண்டு தடவை பார்த்துட்டேன்டா"ன்னார். அதுக்கு மேல நானும் கேட்கலை, அவரும் சொல்லலை.

சின்னமனூர் அம்மா:
கெத்தோட பொண்டாட்டி யசோதை டிராக்டரை ஓட்டிக்கிட்டு நேரா கிரவுண்டுக்குள்ள போவாளே, அந்த ஒரு காட்சிக்கு எங்க வீட்டுல நானும் என் மாமியாரும் கை தட்டினோம். கிரிக்கெட் ஆடப் போறவனோட பொண்டாட்டிக்குத்தான் அந்தக் கோபம் தெரியும். அதே யசோதை கடைசியில புருஷன் மட்டையை விட்டுட்டு முடங்கிக் கிடக்கிறதைத் தாங்க மாட்டா. ரெண்டும் உண்மைதான்.

தார்க்கறை:
ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல இருந்து எழுதறேன். ஒன் பிச் கேட்ச் தம்பி எழுதினதைப் படிச்ச பிறகு சும்மா இருக்க முடியலை.

'வாழை' வந்தது 2024 ஆகஸ்ட் 23. நான் போன மாசம்தான் பார்த்தேன். வேணும்னேதான் தள்ளிப்போட்டேன். நான் பத்தாவது படிக்கிறப்ப இருந்து மூணு வருஷம் லீவு நாள்ல வாழைத்தார் சுமந்தவன். ஒரு தார் எவ்வளவு கனம்னு தராசுல போட்டுப் பார்த்ததில்லை, ஆனா கழுத்துக்குத் தெரியும். துண்டைச் சுருட்டி சும்மாடு வைப்போம். வரப்பு ஈரமா இருக்கும், ஓடிக்கிட்டே போகணும், நின்னா விழுந்துடுவோம். காம்பு வெட்டுன இடத்துல இருந்து பால் வடியும். சட்டையில பட்டா காப்பிக்கொட்டை நிறத்துல கறை ஆகும். எந்த சோப்புக்கும் போகாது. அதனால வயக்காட்டுச் சட்டைன்னு ஒண்ணு தனியா இருக்கும். ஒரு நாள் அந்தச் சட்டையைத் தவிர வேற இல்லாம பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போனேன். எங்க டீச்சர் ஒண்ணும் கேட்கலை. அவங்க நல்லவங்க. ஆனா முன் பெஞ்சுல இருந்த என்னை அன்னைக்கு நானே கடைசி பெஞ்சுக்கு மாத்திக்கிட்டேன்.

படத்துல அந்தப் பையன் பசியில ஒரு பழத்தைப் பறிச்சுத் தின்னதுக்கு அடி வாங்குவான். நாள் முழுக்க நூறு பழம் இருக்கிற தாரைத் தலையில சுமக்கிறவனுக்கு ஒரு பழம் சொந்தமில்லை. படத்துல அவங்க கேக்கிறது என்ன? தாருக்கு ஒரு ரூபா கூட. அதுக்கு எவ்வளவு பேச்சு, எவ்வளவு முறைப்பு! கூலிய ஏத்தின வியாபாரி அந்தக் காசை வேற வழியில மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். ஆளுங்க தனி வண்டியில போகாம தார் ஏத்தின லாரி மேலயே உட்கார்ந்து போறாங்க. அந்த லாரி கவிழ்றதுல முடியுது கதை.

காவேரிக்கரை அக்கா, உங்க அப்பா எழுந்து பால்கனிக்குப் போன மாதிரி நான் எங்க எழுந்து போனேன் தெரியுமா? சாவு வர்ற இடத்துல இல்லை. அதுக்குப் பிறகு பசியோட ஓடி வந்து பானையில கை விட்டுச் சோத்தை அள்ளித் திங்குறானே, அங்க. சாவு வீட்டிலயும் பசிக்கும். எனக்குப் பசிச்சிருக்கு. அதை யார்கிட்டயும் சொன்னதில்லை.

காவேரிக்கரை:
தார்க்கறை அண்ணா, ரெண்டு தடவை படிச்சேன். நான் வில்லன் இல்லைன்னு சந்தோஷமா எழுதினது எனக்கு இப்போ சரியா படலை. யோசிச்சுட்டு எழுதறேன்.

மாட்டுத்தாவணி:
'வாழை' வந்த அதே நாள்தான் 'கொட்டுக்காளி'யும் வந்துச்சு. எங்க ஊர்ல காலைக்காட்சிக்கு என்னோட சேர்த்துப் பதினோரு பேர். இடைவேளை முடிஞ்சு ஏழு பேர்தான் திரும்பி வந்தாங்க. நான் உட்கார்ந்திருந்தேன், ஏன்னா அந்த ஷேர் ஆட்டோவுக்குள்ள நான் உட்கார்ந்து போயிருக்கேன்.

பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லி ஒரு பொண்ணைச் சாமியாடிகிட்ட கூட்டிட்டுப் போறாங்க. அவளுக்குப் பிடிச்சது பேய் இல்லை, வேற சாதிப் பையன். படத்துல அவ பேசுறது ஒரே ஒரு வரி. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், பைக் சத்தம், சேவல் சத்தம். எங்கயோ கேட்ட ஒரு பாட்டை வாய்க்குள்ள முணுமுணுத்தான்னு சூரி கண்ணு மண்ணு தெரியாம அடிக்கிறார். தடுக்க வந்த பொம்பளைங்களுக்கும் அடி. சூரியைப் பார்த்தா எங்க மாமா ஒருத்தர் மாதிரியே இருக்கார். தொண்டை கட்டி சுண்ணாம்பு தடவிக்கிட்டு, பேச முடியாத தொண்டையில அதட்டிக்கிட்டு. அந்த மாமா கெட்டவர் இல்லை. எனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினவர். ஆனா அந்த ஆட்டோவுல நான் போன நாள்ல முன் சீட்டுல உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

வழியில ஒரு காளை மறிச்சு நிக்கும். அத்தனை ஆம்பளைங்களாலயும் நகர்த்த முடியாது. ஒரு சின்னப் பொண்ணு வந்து சாதாரணமா ஓட்டிக்கிட்டுப் போயிடுவா. அதைப் பார்த்து நான் சத்தமா சிரிச்சேன். தியேட்டர்ல யாரும் சிரிக்கலை.

சேலம் செகண்ட் ஷோ:
அக்கா, அந்தப் படத்துல இடைவேளையில எழுந்து போன ஆள் நான். உங்க தியேட்டர் இல்லை, வேற ஊர். ரோட்டைக் காட்டிக்கிட்டே இருக்காங்கன்னு கோபத்துல வந்துட்டேன். நீங்க எழுதினதைப் படிச்சதும் அந்த ஆட்டோவுக்குள்ள யார் இருந்தாங்கன்னு நான் கவனிக்கவே இல்லைன்னு தெரியுது.

ஆனா ஒரு விஷயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'மகாராஜா'வை நான் மூணு தடவை பார்த்தேன். அதுல வில்லன் இருக்கான், தண்டனை இருக்கு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, ஆறு வயசு. பேப்பர்ல வர்ற செய்தியைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வராம படுத்திருக்கிற அப்பனுக்கு அந்தப் படம் ஒண்ணு தருது. குப்பைத்தொட்டியைக் காணோம்னு ஸ்டேஷன்ல வந்து நிக்கிற ஒரு முடிதிருத்துற மனுஷன், எவ்வளவு அவமானப்படுத்தினாலும் அதே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்றார். கதையை முன்னும் பின்னுமா கலைச்சுப் போட்டு அது ஏன்னு கடைசியில காட்டுறாங்க. அந்தப் பொறுமை எனக்குப் பிடிச்சது. வில்லன் உள்ள படம் தாழ்ந்ததுன்னு யாரும் நினைச்சுடாதீங்க. சில கோபத்துக்கு ஒரு முகம் வேணும்.

மாட்டுத்தாவணி:
தம்பி, உங்க பொண்ணுக்காக நீங்க அந்தப் படத்தைப் பார்க்கிறது புரியுது. அதே பொண்ணு 20 வயசுல யாரையாவது பிடிச்சிருக்குன்னு சொல்லும்போது 'கொட்டுக்காளி'யை மிச்சப் பாதியும் பாருங்க. உரிமையோட சொல்றேன்.

சேலம் செகண்ட் ஷோ:
பார்க்கிறேன் அக்கா. அதுக்கு 14 வருஷம் காத்திருக்க மாட்டேன்.

வல்லை வெளி:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை இங்க வீட்டில எல்லாரும் இருந்து பாத்தனாங்கள். எங்கட ஆக்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கிறதில முக்கால்வாசி மொழியைப் பற்றித்தான். சசிகுமார் சில இடத்தில எங்கட பேச்சை விட்டிட்டு தன்ர ஊர்ப் பேச்சுக்குப் போறது காதுக்குத் தெரியுது. சிம்ரன் பரவாயில்லை. சின்னப் பெடியன் முள்ளி நல்லாச் செய்திருக்கிறான். ஆனா எனக்கு மொழியில பிழை பிடிக்க மனம் வரேல்லை. ஏனெண்டா அந்தக் கதையில மொழிதான் ஆபத்து. வாயைத் திறந்தா எந்த ஊர் எண்டு பிடிபட்டிடும் எண்டு, இங்க இருந்து களவாப் படகில தமிழ்நாட்டுக்குப் போற அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிக் குடுக்கினம். நான் படிக்கிறதுக்காகச் சென்னையில ரெண்டு வருசம் இருந்தனான். கடையில "தேங்காய்ப்பூ இருக்கோ" எண்டு கேட்டிட்டு, மற்றவை திரும்பிப் பாத்த உடன எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டு நிண்டிருக்கு. அங்க துருவின தேங்காய் எண்டு சொல்லவேணுமாம்.

2022இல இங்க நிலைமை எப்பிடி எண்டு சொன்னா நம்பமாட்டியள். எரிவாயு சிலிண்டருக்கு இரவிலேயே வெறும் சிலிண்டரைச் சங்கிலி போட்டு வரிசையில வைச்சிட்டு வருவம். பெற்றோலுக்கு வாகனத்துக்குள்ளயே படுத்தனாங்கள். பால்மா இல்லை. சண்டை நடந்த காலத்திலகூடப் போகாத சனம் அந்த வருசம் படகேறினது. தனுஷ்கோடிக்குக் கிட்ட மணல் திட்டில இறக்கி விட்டிட்டுப் படகுக்காரன் திரும்பிடுவான். இந்தப் படம் அந்தச் சனத்தின்ர கதையைச் சிரிப்போட சொன்னது எனக்கு ஆறுதலா இருந்தது. எங்களை எப்பவும் அழுற ஆக்களாத்தான் திரையில காட்டுறவை. அப்பா பிள்ளைக்குப் பகிடி விடுற, அம்மா டான்ஸ் ஆடுற ஒரு ஈழத்துக் குடும்பத்தைத் தமிழ்நாட்டுப் படத்தில நான் இதுக்கு முன்னம் பாக்கேல்லை.

முகாம் வீடு 14:
வல்லை வெளி அண்ணா, நான் தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவன். என் அப்பா அம்மா 1990-ல் வந்தவர்கள். எனக்கு 27 வயது. இரண்டு பேச்சும் எனக்கு வரும். வெளியில் ஒன்று, வீட்டில் ஒன்று.

அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதனாலேயே மனக்குறையும் உண்டு. தர்மதாஸ் (சசிகுமார்) ஒரு தெருவுக்கு வருகிறார், எல்லோரும் மெல்ல மெல்ல அவரை ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தெருவில் ஒரு அம்மா இறந்தபோது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாமல் வாழ்ந்தவர்களை அவர் கூட்டி வந்து நிறுத்துகிறார். கடைசியில் தெருவே அவரைக் காப்பாற்றுகிறது. நல்லவர்கள் உண்டு, எனக்குத் தெரியும். எனக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டியவர் முகாமுக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கும் ஐயா. ஆனால் ஒரு தெரு மனது வைத்தால் சரியாகிவிடுகிற விஷயமாக இது இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றைத்தான் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. நான் இந்த மண்ணில்தான் பிறந்தேன், இங்கேதான் படித்தேன். பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அகதி என்ற சொல் போனதில் எங்கள் அம்மாவுக்கு மகிழ்ச்சி. முகாமில் ஆட்களை எண்ணிப் பதிவு எடுக்கும் நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேரில் போய் நிற்பது மாறவில்லை.

இங்கே முதலில் அக்கா கேட்டது வில்லனைப் பற்றி. எங்கள் கதையில் யாரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. பதிவு எடுக்க வருகிற அதிகாரி கூட நல்லவர்தான். "சாப்பிட்டியாப்பா" என்று கேட்பார்.

வல்லை வெளி:
தம்பி, நீங்கள் எழுதினது எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும். நாங்கள் இங்க இருந்து, போன சனம் தப்பிட்டுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறம். நீங்கள் சொன்னதோட அந்தப் படத்தைத் திரும்ப ஒருக்காப் பாக்கப்போறன்.

தவணை 84:
நான் ரொம்ப நாளா வாசிக்கிறவன், எழுதினதில்லை. 2025 ஜூலை 4 வந்த '3பிஎச்கே' பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதறேன். அரவிந்த் சச்சிதானந்தம் எழுதின சிறுகதையில இருந்து எடுத்தது. 'சூர்யவம்சம்' ஜோடி சரத்குமாரும் தேவயானியும் இதுல அப்பா அம்மா. ஒரு வீடு வாங்கணும்னு நினைக்கிற குடும்பம். சேர்த்த பணம் ஒவ்வொரு தடவையும் வேற ஒரு செலவுக்குப் போயிடும். அவ்வளவுதான் கதை.

என் பேர்ல இருக்கிற எண் நான் கட்டி முடிச்ச தவணை. மொத்தம் 240. வீட்டுக் கடன் 30 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருஷம். மாசத் தவணை ஏறக்குறைய 26,992 ரூபா. முதல் மாசம் அதுல வட்டிக்குப் போனது 22,500. அசல்ல கழிஞ்சது 4,492. பாஸ்புக்கைப் பார்த்துட்டு என் வீட்டுக்காரி, "இவ்வளவு கட்டியும் இவ்வளவுதானா குறைஞ்சிருக்கு"ன்னு கேட்டா. ஏழு வருஷம் கட்டியாச்சு. இன்னும் அசல்ல கால்வாசிகூடக் குறையலை. படத்துல குடும்பமே உட்கார்ந்து கணக்குப் போடுறப்ப அந்தத் தாளோட மூலையை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுல அது காலண்டர் பின்பக்கம்.

படத்தைச் சோகம்னு நண்பர்கள் சொன்னாங்க. எனக்கு அது சோகமா படலை. சரத்குமார் ஒவ்வொரு தடவையும் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"ங்கிற மாதிரி ஒரு முகம் வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்துவார். எங்க அப்பா வாடகை வீட்டுலயே இறந்தார். அந்த முகத்தோடதான் இறந்தார். நான் வீடு வாங்கினது எனக்காகன்னு சொல்லிக்கிறேன், ஆனா வாசல்ல அவர் பேரைத்தான் பதிச்சிருக்கேன்.

சின்னமனூர் அம்மா:
தவணை தம்பி, உங்க அப்பா மேல உங்களுக்கு இருக்கிற பாசம் தெரியுது. ஆனா எனக்கு அந்தப் படத்துல ஒரு வருத்தம். அப்பாவோட கனவை மகன் தோள்ல ஏத்தி, அவன் வாழ்க்கையோட பாதியை அதுலயே கரைச்சுடுறாங்க. அவனுக்கு என்ன வேணும்னு வீட்டுல யாரும் நேரத்துக்குக் கேக்கலை.

அதே நாள் வந்த 'பறந்து போ'வையும் பார்த்தேன். அங்க தலைகீழ். அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறாங்க, பையன் பூட்டின வீட்டுக்குள்ள. கடைசியில தவணை வசூலிக்க வர்றவங்களுக்குப் பயந்து பைக்குல கிளம்பின அப்பனும் பிள்ளையும் போய்க்கிட்டே இருக்காங்க. என் மகன் மூணாம் வகுப்புல இருந்து கழுத்துல கயிறு கட்டி வீட்டுச் சாவியைத் தொங்கவிட்டுக்கிட்டுப் போனவன். குளிக்கும்போதும் கழட்ட மாட்டான். இப்போ அவனுக்கு 22. படம் பார்த்துட்டு "அம்மா, எனக்கு அப்ப பயமா இருக்கும்"னு சொன்னான். "ஏன்டா அப்பவே சொல்லலை"ன்னேன். "நீ வேலைக்குப் போகாம நின்னுடுவேன்னு நினைச்சேன்"னான்.

தவணை 84:
அம்மா, நீங்க சொன்னதை மறுக்க முடியலை. எனக்கு ஒரு மகன் இருக்கான், எட்டாவது. இன்னும் 156 தவணை இருக்கு. அவன் சம்பளத்துல ஒண்ணுகூடக் கட்ட விடமாட்டேன்னு இங்கயே எழுதி வச்சுடுறேன்.

காவேரிக்கரை:
எல்லாத்தையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். தார்க்கறை அண்ணா எழுதினதுக்கு, "எங்க தோட்டத்துலயும் தார் சுமக்க ஆள் வந்தாங்க, அவங்க யாருன்னு எனக்கு ஒரு பேர்கூட ஞாபகம் இல்லை"ன்னு சொன்னார். ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தார். பேர் மறந்துட்டு விடியுமுன்ன ஓடுற அரவிந்த்சாமி காட்சி எங்க வீட்டுல இப்போ வேற மாதிரி ஆகிடுச்சு.

நான் முதல்ல எழுதினதுல ஒண்ணை மாத்திக்கிறேன். வில்லன் முகம் இல்லாத படம் எனக்கு நிம்மதியா இருந்ததுக்குக் காரணம், நான் இருந்த இடம் நிம்மதியான இடம். முகாம் வீடு 14 தம்பிக்கும் மாட்டுத்தாவணி அக்காவுக்கும் அது நிம்மதி இல்லை. ஆனாலும் மெய்யழகன் எனக்குப் பிடிச்ச படம்தான், அதுல மாற்றம் இல்லை.

கோரையாறு:
அப்பாவுக்கு எந்த ஊர்னு கேட்கலாமாம்மா? மன்னார்குடி பக்கம்தானே?

காவேரிக்கரை:
ஆமாண்ணா. வடுவூர் ஏரிக்குத் தெற்கால ஒரு சின்ன ஊர். பேரும் தெருவும் உங்களுக்குத் தனியா அனுப்பியிருக்கேன்.

கோரையாறு:
பார்த்தேம்மா. அந்த ஊர்ல எங்க சின்ன மாமனார் வீடு இருக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவை அந்தத் தெரு வழியாத்தான் போறேன். நீங்க சொல்ற வீடு இருக்கு. ஓடு மாத்தியிருக்காங்க. ஆனா முன்னாடி திண்ணையை இடிச்சு கார் நிறுத்த இடம் பண்ணிட்டாங்க. இதை அப்பாகிட்ட சொல்லலாமா வேணாமான்னு நீங்க பார்த்துக்கங்க.

காவேரிக்கரை:
சொல்லிட்டேண்ணா. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "தூணை என்ன பண்ணாங்கன்னு கேளு"ன்னார்.

கோரையாறு:
வர்ற வெள்ளிக்கிழமை போறேன். கேட்டுட்டுச் சொல்றேம்மா.